ஆற்றுதலும் தேற்றுதலும்: கிறித்தவத் தேற்றரவு நூல்களை வாசிக்கும் முறை குறித்து ஒரு நோக்கு

முன்னுரை

தமிழ் இலக்கிய வரலாற்றைப் பயிலும் மாணவர் அனைவரும் 'கிறித்தவர் தமிழ்த்தொண்டு' என்னும் ஒரு பகுதியைக் கடந்தே வருகின்றனர். வீரமாமுனிவரின் தேம்பாவணி 1726இல் தோன்றியது, மூன்று காண்டங்களும் முப்பத்தாறு படலங்களும் கொண்டது, எச். ஏ. கிருஷ்ணபிள்ளையின் இரட்சணிய யாத்திரிகம் 1894இல் நூல்வடிவம் பெற்றது. அது ஐந்து பருவங்களால் ஆனது. அதன் ஆசிரியர் 'கிறித்தவக் கம்பர்' எனப் போற்றப்படுகிறார். இவ்வாறான செய்திகளை மாணவர் மனனம் செய்கின்றனர், தேர்வில் எழுதுகின்றனர், பின்னர் மறந்துவிடுகின்றனர். இந்நூல்கள் எதற்காக எழுதப்பட்டன, யார் எந்நிலையில் இருந்து இவற்றை வாசித்தனர், வாசித்தபின் அவர்களுக்கு நேர்ந்தது யாது என்னும் வினாக்கள் வகுப்பறையில் எழுப்பப்படுவது அரிது.

கிறித்தவ நூல்களை நாடிச் செல்லும் பெரும்பாலான வாசகர்கள் அவற்றின் அணிநயத்தையோ யாப்பமைதியையோ தேடிச் செல்பவர்கள் அல்லர். நோயுற்றவர், உறவை இழந்தவர், தொழிலில் நொடித்தவர், தம் நம்பிக்கையிலேயே ஐயம் கொண்டவர் ஆகியோரே அந்நூல்களைத் திறக்கின்றனர். விசுவாசம், நம்பிக்கை, ஊக்கம் ஆகிய மூன்றையும் அவர்கள் அவற்றில் தேடுகின்றனர். இத்தகைய வாசிப்பைத் திறனாய்வு எவ்வாறு எதிர்கொள்வது என்பதே இக்கட்டுரையின் வினா. ஜான் பனியனின் 'மோட்சப் பிரயாணம்' தமிழில் பெற்ற இரு வடிவங்களை முன்வைத்து இவ்வினாவை நாம் அணுகுகிறோம். சமயக் கொள்கையின் உண்மையை ஆராய்வது நம் நோக்கமன்று. வாசிப்பின் தன்மையை ஆராய்வதே நம் நோக்கம்.

திறனாய்வின் இருவகைப் புறக்கணிப்பு

தேற்றரவு நூல்களை நம் திறனாய்வு இரண்டு வழிகளில் புறந்தள்ளியுள்ளது. முதலாவது வழி, அவற்றை மதப்பரப்புரை என்று ஒதுக்குவதாகும். நூலின் நோக்கம் மதம் மாற்றுவது என்று கூறிவிட்டால் அதன் நடை, அமைப்பு, உளவியல் நுட்பம் ஆகியவற்றை ஆராய வேண்டிய கடமையிலிருந்து திறனாய்வாளர் விடுபட்டுவிடுகிறார். இரண்டாவது வழி மதிப்பளிப்பது போலத் தோன்றுவது. இரட்சணிய யாத்திரிகத்தில் கம்பனின் தாக்கம், நாட்டு வருணனை, உவமை நயம் என்று தலைப்பிட்டு ஆராயும் கட்டுரைகள் பல உள. அவை பயனற்றவை அல்ல. எனினும், அந்நூலின் சமய உள்ளடக்கத்தை உமியாகவும் இலக்கிய நயத்தை அரிசியாகவும் பிரித்துக் காணும் போக்கு அவற்றுள் மறைந்துள்ளது. அந்நூலை எழுதியவருக்கும் உருகி வாசித்தவருக்கும் அத்தகைய பிரிவினை இருந்ததில்லை.

தேவாரத்தையும் திவ்வியப் பிரபந்தத்தையும் நாம் இவ்வாறு பிரிப்பதில்லை என்பது ஈண்டு எண்ணத்தக்கது. ஓதுவாரின் பண்ணும் அடியவரின் கண்ணீரும் அப்பாடல்களின் பொருளில் பங்குபெறுகின்றன என்பதைப் பக்தி இலக்கிய ஆய்வாளர்கள் ஏற்றுக்கொண்டுள்ளனர். பாராயணம் என்பது வாசிப்பின் ஒரு வகை என்பதில் யாருக்கும் ஐயமில்லை. அதே அளவுகோலைக் கிறித்தவ நூல்களுக்கும் பயன்படுத்த வேண்டும் என்பதே எமது வேண்டுகோள். சலுகை தேவையில்லை, சமநீதி போதும்.

விசுவாசம், நம்பிக்கை, எதிர்நோக்கு

இவ்வாய்வைச் சொற்களிலிருந்து தொடங்குவது தமிழாசிரியர்களுக்குப் பயன்படும். புதிய ஏற்பாட்டின் கிரேக்க மூலத்தில் 'பிஸ்திஸ்', 'எல்பிஸ்' என்னும் இரு சொற்கள் அடிக்கடி இணைந்து வருகின்றன. முன்னது இறைவன்பால் கொள்ளும் உறுதியான பற்று. பின்னது இனி வரவிருப்பதை நோக்கிய மனநிலை. பொதுத்தமிழில் இவ்விரண்டையும் 'நம்பிக்கை' என்னும் ஒரே சொல்லால் சுட்டுவதே வழக்கம். 'கடவுள் நம்பிக்கை' என்கிறோம். 'மழை வரும் என்ற நம்பிக்கை' என்றும் கூறுகிறோம்.

மொழிபெயர்ப்பாளர்கள் இச்சிக்கலை இரண்டு வகையாகத் தீர்த்துள்ளனர். சீர்திருத்தச் சபையினரிடையே பெருவழக்காக உள்ள பழைய மொழிபெயர்ப்பில் முதற்சொல் 'விசுவாசம்' எனவும், இரண்டாம் சொல் 'நம்பிக்கை' எனவும் அமைந்துள்ளன. 1995இல் வெளிவந்த திருவிவிலியம் என்னும் பொது மொழிபெயர்ப்பு 'நம்பிக்கை' என்பதை முதற்சொல்லுக்கு உரியதாக்கி, இரண்டாம் சொல்லுக்கு 'எதிர்நோக்கு' என்பதை ஆண்டுள்ளது. ஆகவே, 'நம்பிக்கை' என்னும் சொல்லை ஒரு கிறித்தவ நூலில் காணும் ஆசிரியர், அந்நூல் எந்த மரபைச் சேர்ந்தது என்பதை அறியாமல் அதன் பொருளை உறுதிசெய்ய இயலாது. பனியனின் கதையில் தலைவனுக்குத் துணையாக வரும் இரண்டாவது தோழனின் பெயரைப் பழைய மரபு 'நம்பிக்கை' என்று பெயர்க்கும். புதிய மரபைச் சேர்ந்த ஒருவர் அதனை 'எதிர்நோக்கு' என்று பெயர்க்க நேரிடும். பெயர் மாறினால் பாத்திரத்தின் நிறமும் சற்று மாறிவிடுகிறது.

இவ்விரு தீர்வுகளுக்கும் தமிழ் மரபிலேயே வேர்கள் உண்டு. தொல்காப்பிய உரியியல் 'நம்பு' என்னும் சொல்லுக்கு 'நசை' என்னும் பொருளைத் தருகிறது. நசை என்பது விருப்பம். விரும்பியதை எதிர்பார்த்திருக்கும் மனநிலையே அச்சொல்லின் பழம்பொருளுக்கு நெருக்கமானது. இவ்வகையில் நோக்கின், இரண்டாம் சொல்லுக்கு 'நம்பிக்கை' எனப் பெயரிட்ட பழைய மொழிபெயர்ப்பு, அறிந்தோ அறியாமலோ, சொல்லின் தொல்பொருளோடு ஒத்து நிற்கிறது. 'எதிர்நோக்கு' என்பதும் நமக்கு அந்நியமன்று. தலைவன் திரும்பிவரும் கார்காலத்தை எதிர்நோக்கி ஆற்றியிருக்கும் தலைவியின் 'இருத்தல்' முல்லைத்திணையின் உரிப்பொருளன்றோ? சமயப் பொருளும் அகப்பொருளும் ஒன்றே என்று இங்கு நாம் கூறவில்லை. காத்திருத்தலை ஓர் ஒழுக்கமாகவே வகுத்துக்கொண்ட மொழி, அத்தகைய நூல்களை வரவேற்கும் ஆற்றல் உடையது என்பதை மட்டும் சுட்டுகிறோம்.

ஆறுதலும் தேறுதலும்

'தேற்றரவு' என்னும் மூன்றாவது சொல் இக்கட்டுரைக்கு அடிப்படையானது. தூய ஆவியைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லைப் பழைய மொழிபெயர்ப்பு 'தேற்றரவாளன்' என்று பெயர்த்தது. திருவிவிலியம் 'துணையாளர்' என்கிறது. பின்னது எளிமையானது, உடன்நிற்றல் என்னும் மூலப்பொருளுக்கும் அணுக்கமானது. ஆயினும், முன்னதில் அடங்கியுள்ள பொருள்வளம் தனித்தன்மை உடையது.

அன்றாட வழக்கில் 'ஆறுதல்', 'தேறுதல்' என்பவற்றை ஒருபொருட் சொற்களாகவே கையாள்கிறோம். அவற்றின் வேர்கள் வேறானவை. ஆறுதல் வெம்மை தணிதல். காய்ச்சிய பால் ஆறுகிறது, புண் ஆறுகிறது, சினம் ஆறுகிறது. தேறுதல் தெளிதல். கலங்கிய நீரைத் தெளியவைக்கத் தேற்றாங்கொட்டையைக் குடத்தின் உட்புறத்தில் தேய்க்கும் பழக்கத்தை நம் முன்னோர் அறிந்திருந்தனர். 'தேற்றம்' என்பதற்குத் தெளிவு, உறுதி என்னும் பொருள்கள் உள. இலக்கணத்தில் தேற்றப்பொருளில் வரும் ஏகாரத்தை நாம் மாணவர்க்குக் கற்பிக்கிறோம். எனவே, ஒருவரை ஆற்றுதல் அவருடைய துயரின் வெம்மையைக் குறைப்பது. தேற்றுதல் கலங்கிய அறிவைத் தெளிவித்து உறுதிப்படுத்துவது.

இவ்வேறுபாட்டையே தேற்றரவு நூல்களை மதிப்பிடும் அளவுகோலாக நாம் முன்மொழிகிறோம். ஒரு நூல் வாசகரை ஆற்றுவதோடு நின்றுவிடுகிறதா, அல்லது தேற்றவும் செய்கிறதா என்பதே வினா. இஃது இலக்கியத்துக்கு வெளியிலிருந்து கொணரப்பட்ட அளவுகோல் அன்று. நூல்கள் தம்மைக் குறித்துக்கொள்ளும் சொல்லிலிருந்தே பெறப்பட்டது.

அச்சு வரலாற்றில் இவ்வாசிப்பின் இடம்

தமிழில் அச்சான முதல் நூல்களுள் ஒன்றே இவ்வகை வாசிப்புக்கு உரியது என்பதை நினைவில் கொள்ளுதல் நன்று. அன்றிக்கு அடிகளாரின் தம்பிரான் வணக்கம் 1578இல் கொல்லத்தில் அச்சிடப்பட்டது. பதினாறே பக்கங்கள் கொண்ட அந்நூல் முத்துக்குளித்துறைப் பரதவர் உள்ளிட்ட எளிய மக்களின் சமய வாழ்வை முன்னிட்டு உருவானது. 1706இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கு அங்கு அச்சகம் நிறுவப்பட வழிவகுத்தார். அவர் மொழிபெயர்ப்பில் புதிய ஏற்பாட்டின் முற்பகுதி 1714இல் வெளிவந்தது. புலவர்களும் ஆதீனங்களும் ஏட்டுச்சுவடிகளைப் பேணிவந்த காலத்தில், தனியொருவர் கையில் ஏந்தித் தமக்காக வாசிக்கும் சிறு நூல் என்னும் வழக்கம் பரவியதில் இத்தகைய வெளியீடுகளுக்குப் பங்குண்டு. அச்சு வரலாற்றை எழுத்துருச் சீர்திருத்தத்தின் வரலாறாக மட்டும் கற்பித்தால் இவ்வாசகரை இழந்துவிடுவோம்.

வாசகராகிய பனியன்

ஜான் பனியன் (1628–1688) இங்கிலாந்தில் பழுதுற்ற பாத்திரங்களைச் செப்பனிடும் தொழிலாளர் குடும்பத்தில் பிறந்தவர். உரிமம் இன்றிச் சமய உரை நிகழ்த்தியமைக்காக 1660 முதல் 1672 வரை பெட்ஃபோர்டு சிறையில் இருந்தார். சிறையிலிருந்தபோது 1666இல் வெளியிட்ட தன்வரலாற்று நூலில் அவர் தரும் இரு செய்திகள் நம் பொருளுக்கு இன்றியமையாதவை.

ஒன்று, அவருடைய மணவாழ்வின் தொடக்கம். உணவுண்ணத் தட்டும் கரண்டியும்கூட இல்லாத வறுமையில் வாழ்வைத் தொடங்கிய அவ்விணையருக்கு, மனைவியின் தந்தை விட்டுச்சென்ற இரண்டு பக்தி நூல்களே சீதனமாக இருந்தன. அவற்றை இருவரும் சேர்ந்து வாசித்தனர். மற்றொன்று, கொடிய மனக்கலக்கத்தில் இருந்தபோது அவர் கைக்குக் கிட்டிய, தாள்கள் உதிரும் நிலையிலிருந்த ஒரு பழம்பிரதி. கலாத்தியருக்கு எழுதப்பட்ட திருமுகத்திற்கு லூத்தர் வரைந்த விளக்கவுரை அது. தம் உள்ளத்தின் நிலையே அதில் எழுதப்பட்டிருப்பதாக அவர் உணர்ந்தார். புண்பட்ட மனச்சான்றுக்கு விவிலியத்திற்கு அடுத்தபடியாக ஏற்ற நூல் அதுவே எனக் கருதினார்.

தேற்றரவு வாசிப்பின் இயங்குமுறை இங்குத் தெளிவாக வெளிப்படுகிறது. வாசகர் முதலில் பெறுவது அறிவுரை அன்று, அறிமுகம். தம்மைப் போலவே கலங்கிய மற்றொருவர் முன்னரே இருந்தார் என்னும் அறிமுகம் அது. தனிமை உடைபடும்போதுதான் அறிவுரையைக் கேட்கும் செவி திறக்கிறது.

மோட்சப் பிரயாணத்தில் வாசிப்பு

1678இல் வெளிவந்த பனியனின் கதை ஒரு வாசகனோடு தொடங்குகிறது. கந்தல் உடுத்திய மனிதன் ஒருவன், முதுகில் பெருஞ்சுமையோடு, கையில் ஒரு நூலை ஏந்தி நிற்கிறான்; அதை வாசித்து அழுகிறான்; நடுங்குகிறான். வாசிப்பு அவனை முதலில் ஆற்றவில்லை. அமைதியைக் குலைத்து வீட்டைவிட்டே கிளப்பிவிடுகிறது. தேற்றரவு நூல்களின் முன்மாதிரியாகக் கருதப்படும் ஒரு படைப்பு, துயரைக் கிளறும் வாசிப்போடு தொடங்குவது தற்செயல் அன்று. நீர் கலங்கியிருப்பதை அறியாதவர் தெளிவிக்கும் கொட்டையைத் தேடுவதில்லை.

அடுத்து வருவது நம்பிக்கையிழவு என்னும் உளைநிலம். பயணி அதில் விழுந்து, உதவி என்பவனால் தூக்கிவிடப்படுகிறான். அவ்விடத்தைச் சீர்செய்ய வேந்தனின் பணியாளர்கள் ஆயிரத்து அறுநூறு ஆண்டுகளாக உழைத்து வருவதையும், நல்லுரைகள் இருபதினாயிரம் வண்டிகள் அளவுக்கு அங்குக் கொட்டப்பட்டும் அவை விழுங்கப்பட்டுவிட்டதையும் கனவு காணும் கதைசொல்லி கேட்டறிகிறார். அறிவுரை நூல்களை எழுதுவோரும் விற்போரும் ஊன்றிப் படிக்க வேண்டிய பகுதி இது. தம் இனத்தைச் சேர்ந்த நூல்களின் வரம்பை ஓர் ஆசிரியர் இவ்வளவு நேர்மையுடன் ஒப்புக்கொள்வது அரிது. நல்லுரை எவ்வளவு குவிந்தாலும் உளை உளையாகவே இருக்கும். அதில் விழுந்தவருக்குக் கை நீட்ட ஒருவர் வேண்டும்.

மூன்றாவது நிகழ்ச்சி மேலும் நுட்பமானது. சிலுவையடியில் சுமை நீங்கப்பெற்ற பயணிக்கு ஒரு சுருள் வழங்கப்படுகிறது. கடினமலையின் நடுவே அமைந்த நிழற்குடிலில் அமர்ந்து அதனை ஆறுதலுக்காக வாசிக்கிறான், வாசித்தவாறே உறங்கிவிடுகிறான், சுருள் கைநழுவுகிறது. மலையுச்சியை அடைந்தபின் இழப்பை உணர்ந்து, கடந்த வழியையே மீண்டும் நடந்து அதனைக் கண்டெடுக்கிறான். ஆறுதல் உறக்கமாக மாறும் அபாயத்தை நூலே சுட்டுகிறது. நாம் மேலே வகுத்த ஆற்றுதல், தேற்றுதல் என்னும் வேறுபாட்டிற்கு இதனினும் பொருத்தமான காட்சியைக் காண்டல் அரிது.

சாவின் நிழல் பள்ளத்தாக்கில், இருளில் முன்னே செல்லும் யாரோ ஒருவர் சங்கீதம் ஓதும் குரல் பயணிக்குக் கேட்கிறது. அவர் யாரென்று தெரியாது, முகம் காணவில்லை. எனினும், தனக்கு முன்னரே ஒருவர் இவ்விருளில் நடக்கிறார் என்பதே அவனுக்கு ஊக்கமாகிறது. உதிர்ந்த தாள்களில் பனியன் கண்ட உறவே இங்குக் கதையாகியிருக்கிறது. நூல் என்பது இருளில் கேட்கும் முன்நடப்பவரின் குரல்.

இறுதியாக, சந்தேகக் கோட்டை. விரக்தி என்னும் அரக்கன் பயணிகள் இருவரையும் புதன் காலை முதல் சனி இரவு வரை நிலவறையில் அடைத்து வைக்கிறான், அடிக்கிறான், தற்கொலை செய்துகொள்ளுமாறு தூண்டுகிறான். தலைவன் அதற்கு இணங்கும் நிலைக்கு வந்துவிடுகிறான். தோழனாகிய நம்பிக்கை அவனுக்கு இனிய சொற்களை மட்டும் கூறவில்லை, வாதிடுகிறான். முன்னர்க் கடந்துவந்த போர்களையும் பள்ளத்தாக்கையும் நினைவூட்டுகிறான். பொறுத்திருந்தால் நிலைமை மாறக்கூடும் என்பதற்குக் காரணம் காட்டுகிறான். சனி நள்ளிரவில் இறைவேண்டலைத் தொடங்குகின்றனர். விடிவதற்குச் சற்றுமுன், வாக்குறுதி என்னும் திறவுகோல் தன் மார்பிலேயே இருந்ததைத் தலைவன் நினைவுகூர்கிறான். கதவுகள் திறக்கின்றன, ஆனால், கடைசி இரும்புக் கதவின் பூட்டு மிகக் கடினமாகவே திரும்புகிறது.

இப்பகுதியின் உளவியல் உண்மை வியப்பளிப்பது. திறவுகோல் தொடக்கம் முதலே உடன் இருந்தும் நான்கு நாள் நினைவுக்கு வரவில்லை. விரக்தியின் இயல்பே மறதி. தேற்றுதலின் பணியே நினைவூட்டல். பூட்டு எளிதில் திறந்தது என்று எழுதியிருந்தால் கதை இனித்திருக்கும். நிலவறையை அறிந்த வாசகர் நம்பியிருக்கமாட்டார்.

கிருஷ்ணபிள்ளை செய்த மாற்றங்கள்

இந்நூல் தமிழில் சாமுவேல் பவுல் ஐயரின் 'மோட்சப் பிரயாணம்' என்னும் உரைநடை மொழிபெயர்ப்பாகவும், கிருஷ்ணபிள்ளையின் செய்யுட் காப்பியமாகவும் வழங்கியது. திருநெல்வேலிப் பகுதியில் 1827இல் வைணவக் குடும்பத்தில் பிறந்த கிருஷ்ணபிள்ளை, இளமையிலேயே கம்பராமாயணத்தில் தோய்ந்தவர், தமிழாசிரியராகப் பணியாற்றியவர், 1858இல் திருமுழுக்குப் பெற்றவர், 1900இல் மறைந்தவர். அவருடைய வாழ்வை ஆ. யே. அப்பாசாமி 1966இல் வெளியிட்ட ஆங்கில நூலில் விரிவாக ஆராய்ந்துள்ளார்.

கிருஷ்ணபிள்ளை பனியனின் முதற்பாகத்தைத் தழுவி, ஆதி, குமார, நிதான, ஆரணிய, இரட்சணிய பருவங்களாகத் தம் காப்பியத்தை வகுத்தார். அவர் செய்த மாற்றங்களுள் இரண்டு தேற்றரவு நோக்கில் முதன்மையானவை.

முதலாவது, கிறிஸ்துவின் பாடுகளின் விரிவு. பனியனின் கதையில் சிலுவைக் காட்சி மிகச் சுருக்கமானது. பயணி சிலுவையை நோக்குகிறான், சுமை கழன்று விழுகிறது. கிருஷ்ணபிள்ளையோ குமார பருவத்தில் இயேசுவின் துன்பங்களையும் மரணத்தையும் காப்பிய விரிவுடன் பாடுகிறார். இதனைக் காப்பிய மரபு கருதிய சேர்க்கை என்று மட்டும் கொள்ளுதல் போதாது. கம்பனின் அவலக் காட்சிகளில் பழகிய தமிழ் வாசகர், துயரைக் கண்டு உருகுவதன் வழியே தெளிவு பெறுபவர். சுமை நீங்கியது என்னும் செய்தி அவருக்குப் போதாது. அச்சுமையை ஏற்றவர் பட்ட பாட்டைக் காண வேண்டும். பனியன் ஒரு நொடியில் நிகழ்த்தியதைக் கிருஷ்ணபிள்ளை ஒரு நெடுநிகழ்வாக ஆக்கியதற்கு இவ்வாசகரைப் பற்றிய அறிவே காரணம் எனக் கருதுகிறோம்.

இரண்டாவது, காப்பியத்தின் இடையிடையே அமைந்த இசைப்பாடல்கள். அவற்றிற்கு அவர் 'தேவாரம்' என்றே பெயரிட்டார். சைவ மரபின் பெயரைத் தயக்கமின்றி ஏற்றுக்கொண்ட இத்துணிவு பலராலும் பாராட்டப்பட்டுள்ளது. நாம் சுட்ட விரும்புவது அதன் பயன்பாட்டை. கதை ஒருமுறை வாசிக்கப்படுவது. பாடல் மீள மீள ஓதப்படுவது. கதைமாந்தரின் நெருக்கடியில் பிறந்த வேண்டுதல், காப்பியத்திலிருந்து கழன்று வாசகரின் சொந்த வேண்டுதலாகிவிடுகிறது. சந்தேகக் கோட்டையின் மறதிக்கு மாற்றாக அமைவது இத்தகைய மனப்பாடமே. நினைவில் தங்கிய பாடல், மார்பில் இருக்கும் திறவுகோல்.

எனினும், ஒரு குறையையும் மறைக்காமல் கூறுதல் வேண்டும். மூவாயிரத்து அறுநூறுக்கும் மேற்பட்ட பாடல்களால் ஆன இக்காப்பியத்தின் விருத்தங்கள் கற்றோர்க்கே உரியன. பனியன் கைத்தொழிலாளரின் மொழியில் எழுதினார். கிருஷ்ணபிள்ளை புலவர் மொழியில் எழுதினார். உரைநடை மொழிபெயர்ப்பை எழுத்துக்கூட்டி வாசிக்கத் தெரிந்தவர் எவரும் அணுக முடிந்தது. காப்பியத்தை அவ்வாறு அணுக இயலாது. கிறித்தவத் தமிழுக்குக் காப்பியத் தகுதியை ஈட்டித் தந்த அதே மொழிநடை, தேற்றரவு வேண்டி நின்றவர்களுள் பெரும்பாலோரைத் தொலைவில் நிறுத்தியது. இன்று அக்காப்பியம் பாடத்திட்டத்தில் வாழ்கிறது. தேவாரங்கள் வழிபாட்டில் வாழ்கின்றன. இலக்கிய வரலாறு முன்னதை மட்டுமே கணக்கில் கொள்வது முறையாகாது.

மறுப்புகளும் விடைகளும்

தேற்றரவு நூல்கள் மக்களை அடங்கிப் போகச் செய்கின்றன, மறுமையைக் காட்டி இம்மையின் அநீதியை மறக்கச் செய்கின்றன என்பது பழைமையான குற்றச்சாட்டு. இதில் உண்மை இல்லாமலில்லை. பனியனின் பயணி மனைவி மக்கள் அழைக்க அழைக்கச் செவிகளைப் பொத்திக்கொண்டு ஓடுகிறான். தன் ஈடேற்றம் ஒன்றையே கருதும் இத்தனிமை நம்மை உறுத்தவே செய்கிறது.

ஆயினும், பனியனே அதற்கு விடை எழுதினார். 1684இல் வெளிவந்த இரண்டாம் பாகத்தில் அம்மனைவியும் பிள்ளைகளும் புறப்படுகின்றனர். மனவலிமை குன்றியவர், ஊன்றுகோல் ஊன்றி நடப்பவர், எதற்கும் அஞ்சுபவர் ஆகியோர் வழியில் இணைகின்றனர். வலியோர் மெலியோரின் நடைக்கு ஏற்பத் தம் நடையைக் குறைத்துக்கொள்கின்றனர். விரக்தி அரக்கன் கொல்லப்படுகிறான். சந்தேகக் கோட்டை இடிக்கப்படுகிறது. தனியொருவர் தப்பித்த கோட்டையை ஒரு கூட்டமே தகர்க்கிறது. கிருஷ்ணபிள்ளை முதற்பாகத்தோடு நின்றுவிட்டமையால் இக்கூட்டுப்பயணம் தமிழ்க் காப்பியத்தில் இடம்பெறவில்லை. இஃது இழப்பே. மேலும், முதற்பாகத்தில் மாயச் சந்தையின் பொய்ச்சரக்கை வாங்க மறுத்தமைக்காக ஒரு பயணி நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டுக் கொல்லப்படுகிறான். பன்னிரண்டு ஆண்டுகள் சிறையில் இருந்தவர் எழுதிய நூலை அடங்கிப்போதலின் நூல் என்று முடிவு கட்டுதல் பொருந்தாது.

இன்றைய வாசிப்பும் நம் கடமையும்

இன்று தமிழில் கிறித்தவத் தேற்றரவு எழுத்துகள் பெரும்பாலும் சிறு நூல்களாகவும் அன்றாடத் தியானக் குறிப்புகளாகவும் வழங்குகின்றன. ஒரு திருவசனம், ஒரு நிகழ்ச்சி, ஒரு வேண்டுதல் என்பது அவற்றின் பொதுவான அமைப்பு. இச்சுருக்கம் இகழத்தக்கதன்று, மருத்துவமனைப் படுக்கையில் இருப்பவர் காப்பியம் வாசிக்க இயலாது. எனினும், அவற்றுள் ஒரு சாரார் துன்பத்தைப் பெயரளவில் தொட்டுவிட்டு உடனே வெற்றியைக் கூறி முடிக்கின்றனர். நிலவறையின் நான்கு நாள்கள் அங்கு நான்கு வரிகளாகக்கூட இடம்பெறுவதில்லை; பூட்டு கடினமாகத் திரும்பியது என்னும் செய்தி அறவே இல்லை. புத்தாண்டில் வாக்குத்தத்த வசனம் அச்சிட்ட அட்டையைப் பெற்றுக்கொள்ளும் வழக்கம் நம் வட்டாரச் சபைகளிலும் உண்டு. அவ்வட்டையைத் திறவுகோலாக ஏந்துவோர் உளர். நிழற்குடிலில் கைநழுவிய சுருளாக ஆக்கிக்கொள்வோரும் உளர். வேறுபாடு அட்டையில் இல்லை, வாசிப்பில் உள்ளது.

சிங்கப்பூரில் தமிழ் மெதடிஸ்ட் சபை 1887இல் தொடங்கியது. தமிழ்க் கத்தோலிக்கர்க்கான லூர்து அன்னை ஆலயம் 1888இல் எழுந்தது. கடல் கடந்து வந்த தமிழர் தம்மோடு கொணர்ந்த நூல்களுள் வேதாகமமும் பாமாலைகளும் செபநூல்களும் இருந்தன. பிற சமயத்தார் தேவாரத்தையும் கந்தர் அனுபூதியையும் குர்ஆனையும் கொணர்ந்தது போலவே, பிரிவையும் நோயையும் அந்நூல்களைக் கொண்டு இவர்களும் எதிர்கொண்டனர். நம் வகுப்பறைகளில் இம்மூவகை இல்லத்துப் பிள்ளைகளும் அருகருகே அமர்ந்துள்ளனர். எந்தச் சமயத்தையும் கற்பிக்கக் கூடாது என்னும் அச்சத்தால் நாம் சமய நூல்களை ஆண்டும் ஆசிரியரும் கொண்ட பட்டியலாகச் சுருக்கிவிட்டோம். அப்பட்டியல் எவரையும் புண்படுத்தாது. எவரையும் தேற்றவும் செய்யாது.

இதற்கு மாற்றாக, சந்தேகக் கோட்டைப் பகுதியை மாணவர்க்கு முழுமையாக வாசித்துக் காட்டலாம். விரக்தியுற்ற நண்பனிடம் தோழன் எடுத்துரைக்கும் காரணங்களை வரிசைப்படுத்தச் சொல்லலாம். சங்க அகப்பாடலில் தோழி தலைவியை ஆற்றுவிக்கும் முறையோடு அதனை ஒப்பிடச் செய்யலாம். ஆற்றும் சொல் எது, தேற்றும் சொல் எது என்று பிரித்தறியக் கற்றுக்கொண்ட மாணவர், நாளை ஒரு துயர வீட்டில் என்ன பேசுவது, என்ன பேசாதிருப்பது என்பதையும் அறிவார். மொழிக்கல்வி நல்கக்கூடிய பயன்களுள் இது சிறியதன்று.

முடிவுரை

தேற்றரவு நூல்களை விசுவாசத்துக்காகவும் நம்பிக்கைக்காகவும் ஊக்கத்துக்காகவும் வாசிப்பவர், இலக்கியத்தைத் தவறாகப் பயன்படுத்துபவர் அல்லர். அந்நூல்களின் பொருளை நிறைவுசெய்பவர். அவ்வாசிப்பைக் கணக்கில் கொள்ளாத திறனாய்வு குறையுடையது. அதேவேளை, ஆறுதல் அளித்தது என்பதனாலேயே ஒரு நூல் நல்ல நூலாகிவிடாது. துயரின் ஆழத்தை ஒளிக்காமல் காட்டுவது, முன்நடந்தவரின் குரலைக் கேட்கச் செய்வது, மறந்ததை நினைவூட்டுவது, உறங்கவிடாமல் நடக்கச் செய்வது ஆகிய நான்கும் தேற்றும் நூலின் இயல்புகளாக நம் ஆய்வில் புலப்பட்டன.

கதையின் இறுதியில் பாலமற்ற ஓர் ஆறு குறுக்கிடுகிறது. தலைவன் அதில் அமிழ்கிறான். முன்னர்த் தேற்றியவை யாவும் அவனுக்கு மறந்துபோகின்றன. தோழன் அவனுடைய தலையை நீருக்கு மேலே தாங்கிப் பிடித்தவாறு, தன் கால்களுக்குத் தரை தட்டுப்படுவதைக் கூறுகிறான். நல்ல தேற்றரவு நூல் தன் வாசகர்க்குச் செய்வதும் இவ்வளவே. ஆற்றை அது வற்றச் செய்வதில்லை. அடியில் தரை உண்டு என்பதை, அதில் நின்றுகொண்டே கூறுகிறது.